இரண்டு காட்சிகளுக்கு நடுவில் ஐந்து செத்தல் மிளகாய்

இல்-பிசார் தீவில் கோடையில் நடந்த பாட்டு விழாவுக்கு நான் இரண்டு நாள் போனேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும். என் கடைசி மகள் அதில் பாடினாள். கோவில் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ஓபரா என்கிறார்கள், கதை முழுவதையும் பாடியே நடிப்பது. அவள் சிறு பிள்ளையாக நாங்கள் வந்து குடியேறிய லாசாலில் எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் நின்றபோது ஒரு கன்னியாஸ்திரி அவளுடைய குரலைக் கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளையை முறையாகப் பழக்குங்கள் என்றார். பழக்கினோம். பிறகு பல்கலைக்கழகத்திலும் அதையே படித்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகள் என்ன படிக்கிறாள் என்று ஆட்கள் கேட்டால் "பாட்டு" என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பேன். "ஓம், பாட்டு. அதோடை வேறை என்ன?" என்று கேட்பார்கள். வேறு ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. கலியாணம் முடிக்கவில்லை. நானும் அவளும் ஒரு அப்பார்ட்மென்டில் இருக்கிறோம். பகலில் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அதுகளின் மூக்கைத் துடைத்துத் துடைத்து மாதம் ஒரு தடிமன் கொண்டு வருவாள். தடிமன் வந்தால் பாட முடியாது, பாட முடியாவிட்டால் கூப்பிடுகிறவர்களும் கூப்பிடமாட்டார்கள். இந்த விழாவில்தான் முதல் தடவையாகக் கதாநாயகி வேஷம் கிடைத்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு வேறு ஒரு நகரத்து ஓபரா மண்டபத்தில் இருந்து ஒருவர் வருகிறாராம். அவரிடம் ஒரு இடம் காலியாம். ஒரே ஒரு இடம். கிடைத்தால் ஒரு வருஷம் முழுவதும் பாட்டுத்தான் வேலை, கார்டெரி வேண்டாம். இதை அவள் கோப்பை கழுவிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, ஒருதருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மச்சாளுக்கு மட்டும் சொன்னேன்.

மச்சாள் என் அவருடைய தங்கச்சி. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அவர் இறந்த பிறகும் என்னைக் கைவிடாத மனுஷி. லவாலில் மகனோடு இருக்கிறாள். இல்-பிசாருக்கு பஸ் குறைவு, ஆனால் கோடையில் லவால் பக்கத்தில் இருந்து ஒரு படகு ஓடும். மகன் கரையில் இறக்கிவிட, படகு ஏறி வருவதாகச் சொன்னாள். நான் மகளோடு காரில் போனேன். அவள் நேரத்தோடு போய் முகத்துக்குப் பூச வேண்டும், சட்டையை இறுக்க வேண்டும் என்பதால் பதினொரு மணிக்கே என்னை ஒரு மரத்தடி வாங்கில் இருத்திவிட்டுப் போய்விட்டாள். காட்சி இரண்டு மணிக்கு.

அங்கே பாட்டு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கம் பியானோ, ஒரு பக்கம் வயலின், ஆட்கள் கையில் தாளோடு அங்கும் இங்கும் நடந்தார்கள். சற்று நேரத்தில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் என் வாங்குக்குக் கிட்ட வந்து பிரெஞ்சில் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். அவன் அவளுடைய பையைப் பறித்து எறிந்தான். புல்லில் இருந்த சனம் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. அந்தப் பெண் என் பக்கத்திலேயே வந்து இருந்து அழுதாள். கண்ணீர் உண்மையான கண்ணீர். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைப்பையில் இருந்த லேஞ்சியை எடுத்து, அவளைப் பார்க்காமல் நீட்டினேன். சனம் முழுவதும் சிரித்தது. அவள் அதை வாங்கி மூக்கைச் சீறிவிட்டு, அவனைப் பார்த்து ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். அது நாடகம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. லேஞ்சி திரும்பி வரவில்லை. போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

மச்சாள் வந்ததும் இருவரும் ஆற்றங்கரைப் பக்கம் போட்டிருந்த வெள்ளைக் கூடாரத்துக்குள் போனோம். முந்நூறு பேர் வரை இருக்கும். எங்களைப் போல் சேலை உடுத்தவர்கள் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. மேடைக்கு மேலே பிரெஞ்சில் எழுத்து ஓடியது. பாட்டு இத்தாலி மொழியாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மகள் வந்தாள். சிவப்புச் சட்டை. வீட்டில் குளியலறைக்குள் நின்று பாடுகிற குரல்தான், ஆனால் அது இவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. என் நெஞ்சுக்குள் இருந்தே வருவது போல இருந்தது. ஒரு உயரமான ஆள் வந்து அவள் கையைப் பிடித்தான்.

"அவன்தான் தமையன்" என்றாள் மச்சாள், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

"தமையன் எண்டால் ஏன் இப்பிடிக் கொஞ்சுறான்?"

"இஞ்சை அப்பிடித்தான். நீர் சும்மா பாரும்."

பிறகு உண்மையான தமையன் வந்தான். முதல் வந்தவனைக் குத்தினான். அவன் குத்துப்பட்ட பிறகும் கனநேரம் நின்று பாடினான். மகள் ஒரு குப்பியில் எதையோ குடித்தாள். அவளும் பாடினாள். பிறகு விழுந்தாள். அதோடு முடிந்துவிடும் என்று பார்த்தால் முடியவில்லை. நாலு பேர் அவளைத் தூக்கி ஒரு மேசையில் நீட்டி வளர்த்தினார்கள். கழுத்து வரைக்கும் வெள்ளைத் துணி. ஒரு உயரமான பிள்ளை, கதையில் வேலைக்காரி, தலைமாட்டில் இரண்டும் கால்மாட்டில் இரண்டும் மெழுகுதிரி கொளுத்தினாள். கைகளை எடுத்து நெஞ்சில் கோத்து வைத்தார்கள்.

என் பிள்ளையை நான் அப்படிப் பார்த்தேன். என் அவரை வைத்திருந்த மாதிரியே.

சனம் எழும்பிக் கைதட்டியது. செத்துக் கிடக்கிறாள், கைதட்டுகிறார்கள். பிறகு அவள் எழும்பி வந்து குனிந்து கும்பிட்டாள், சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படகுத் துறைக்கு நடக்கும்போது மச்சாள் சொன்னாள்: "மச்சாள், பொம்பிளைப் பிள்ளையை இப்பிடிச் சவம் மாதிரி வளத்தி வைச்சு, முந்நூறு சனம் பாத்திருக்கு. எத்தினை கண் எண்டு எண்ணிப் பாரும். கண்ணாடி போட்டதுகளையும் சேத்தால் இன்னும் கூட."

"நடிப்புத்தானே."

"நாளைக்கு அந்த ஆள் வாற நேரம் பிள்ளைக்கு ஒண்டு ஆச்சுதெண்டால் நீர் நடிப்பெண்டு சொல்லி இருந்து அழும். இண்டைக்கே பிள்ளைக்கு நாவூறு கழிச்சு விடும்."

"உப்பும் மிளகாயும் சுத்திக் குப்பைக்குள்ளை போடுறனான்தானே எப்பவும்."

"குப்பைக்குள்ளை போட்டால் அது குப்பைக்குத்தான் கழியும். எரிக்க வேணும்."

"பங்குச் சுவாமி அறிஞ்சால் பேசுவார்."

"அதைப் பேந்து பாவசங்கீர்த்தனத்திலை சொல்லும். இப்ப பிள்ளையைப் பாரும்."

வீட்டுக்கு வந்ததும் மகள் வாய் திறக்கவில்லை. காட்சி முடிந்தால் அடுத்த காட்சி வரைக்கும் அவள் பேசமாட்டாள். குரலை ஆறவிடுவதாம். கைச்சாடைதான். தண்ணீர் என்றால் விரலை வாயில் வைப்பாள், சோறு வேண்டாம் என்றால் வயிற்றைத் தடவுவாள். காற்றுப் படக்கூடாது என்று யன்னல் எல்லாம் பூட்டு. மின்விசிறியும் இல்லை. அந்த வெயிலில் வீடு அவிந்தது. ஈரத் துவாயைக் கதவில் தொங்கவிட்டு, சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

ஏழு மணியிருக்கும், வெளியே இன்னும் வெயில். நான் ஒரு கை உப்பும் ஐந்து செத்தல் மிளகாயும் எடுத்துக்கொண்டு போய் அவளுடைய தலையைச் சுற்றினேன். கண் திறந்து பார்த்தாள். சிரித்தாள். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று. சின்ன வயதில் இருந்து அவளுக்கு இது பழக்கம். குப்பைப் பையோடு போய்விடும் என்று நினைத்துத் திரும்பவும் கண்ணை மூடினாள்.

நான் குசினிக்குப் போய்த் தாச்சியை அடுப்பில் வைத்து, உப்பையும் மிளகாயையும் அதில் போட்டேன். மிளகாய் எரிந்து மூக்கில் ஏறினால் கண் ஒன்றும் படவில்லை. எரிந்தும் மணம் வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. அதுதான் கணக்கு. நான் நின்று பார்த்தேன். மணம் வரவில்லை. இன்னும் நின்றேன். ஒரு துளி மணமும் இல்லை. மச்சாள் சொன்னது சரி, பிள்ளை முழுக்கக் கண்ணில் இருக்கிறாள் என்று நினைத்தேன். கண் முழுவதும் எரிந்து போகட்டும் என்று அடுப்பை உச்சத்துக்குத் திருப்பினேன்.

எங்களுடைய மின்சார அடுப்பு சூடேறச் சுணங்கும். முப்பது வருஷமாக அதில் சமைக்கிற எனக்கு அது தெரியாததா? அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. சூடு ஏறியதும் ஒரேயடியாக ஏறியது. ஐந்தும் கரிந்து, புகை குசினியை நிறைத்து, கூடத்துக்குள் போனது. பூட்டின யன்னல். போக வேறு இடம் இல்லை. கூரையில் இருக்கிற புகை மணி கத்தத் தொடங்கியது. எனக்குக் கண் தெரியவில்லை. மகள் சோபாவில் இருந்து எழும்பி இருமினாள். அப்படி ஒரு இருமலை நான் கேட்டதில்லை. கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். எதிர் வீட்டுக் கிழவர் காற்சட்டையோடு வந்து செய்தித்தாளால் மணிக்கு விசிறினார். அப்பார்ட்மென்ட் நடையில் எல்லாக் கதவும் திறந்தது. எல்லாரும் இருமினார்கள். கிழவரும் இருமினார். இருமுகிறார்கள், அப்படியென்றால் கண் படவில்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு மகளைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வடிய, தொண்டையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, பிள்ளை" என்றேன்.

அவள் ஏசவில்லை. உள்ளே போய் யன்னல்களைத் திறந்தாள், முகம் கழுவினாள், ஆவி பிடித்தாள், அறைக்குள் போய்ப் படுத்தாள். அந்தப் பேசாமை கோபத்திலா, தொண்டைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்றால் எது எவ்வளவு என்றும் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்க நினைத்தேன். கேட்டால் பேச வைத்ததாகிவிடும்.

காலையில் குளியலறைக்குள் அவள் குரலைச் சோதிப்பது கேட்டது. கீழே சரியாகத்தான் வந்தது. மேலே போனபோது துணி கிழிந்த மாதிரி ஒரு சத்தம். நிறுத்தினாள். திரும்பவும் போனாள். அதே இடத்தில் அதே சத்தம். பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கன நேரம் கேட்டது.

என்னை வரவேண்டாம் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். நானும் போனேன்.

கூடாரத்துக்குப் பின்னால் அந்தக் குழுவை நடத்துகிற அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டவர், மகளின் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு அந்த வேலைக்காரி வேஷக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். அவள் மகளுடைய பாட்டு முழுவதையும் பாடமாக்கி வைத்திருக்கிறாளாம், இப்படி ஒன்று நடந்தால் உதவுவதற்காக. மூன்று பேரும் பேசினார்கள். மகள் தலையசைத்தாள். என்ன முடிவு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே போக முதல் மகள் நாடியை உயர்த்தி மூன்றாம் வரிசையைக் காட்டினாள். ஒரு மெலிந்த மனிதர், சப்பாத்துக்குள் காலுறை இல்லை, மடியில் பென்சிலும் தாளும். மற்ற நகரத்தில் இருந்து வந்தவர் அவர்தான்.

மச்சாள் வந்து இருந்தாள். "நேற்று எரிச்சனீரே?"

"எரிச்சனான்."

"மணம் வந்ததோ?"

நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினேன்.

குழு அம்மா மேடைக்கு வந்து பிரெஞ்சில் ஏதோ அறிவித்தார். சனம் "ஓ" என்றது. திரை விலகியதும் மகள் சிவப்புச் சட்டையோடு வந்தாள், வாயைத் திறந்தாள். பாட்டு மேடை ஓரத்தில் இருந்து வந்தது. அங்கே அந்த உயரமான பிள்ளை, கறுப்புச் சட்டையோடு, ஒரு தாள் தாங்கிக்குப் பின்னால் நின்று பாடினாள். மகள் கையை நீட்டுவாள், சுற்றுவாள், வாயை அசைப்பாள், குரல் அங்கே இருந்து வரும்.

"இதென்ன மச்சாள், இண்டைக்கு ரெண்டு பேரோ?" என்றாள் மச்சாள்.

எனக்கு அது மட்டும் உடனே பிடிபட்டது. எங்கள் கோவில் வளவில் கூத்து ஆடுகிறபோது ஆடுகிறவர் களைத்தால் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவார், ஆடுகிறவர் ஆடிக்கொண்டு நிற்பார். ஒருவரும் அதை அறிவிக்கவும் மாட்டார்கள், "ஓ" என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் இங்கே வந்திருக்கிறவர் பாட்டைக் கேட்கத்தானே வந்தார். யாருடைய பாட்டை?

பிறகு நான் மேடையைப் பார்க்கவில்லை. அவருடைய பின்தலையைப் பார்த்தேன். அது ஓரத்துப் பக்கம் திரும்பினால் அந்தப் பிள்ளையைக் கேட்கிறார். நடுவுக்கு வந்தால் என் பிள்ளையைப் பார்க்கிறார். ஓரத்துப் பக்கமே அதிகம் திரும்பியது. பென்சில் ஓடியது. ஒரு தடவை நடுவில் கனநேரம் நின்றது, அப்போது பென்சில் ஓடவில்லை. அது நல்லதா, கெட்டதா? குத்தினது, குடித்தது, விழுந்தது ஒன்றையும் நான் பார்க்கவில்லை. மகளை மேசையில் வளர்த்தினார்களா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

முடிந்ததும் அவர் நேரே அந்தப் பிள்ளையிடம் போனார். இருவரும் சிரித்துப் பேசினார்கள். அவர் தொலைபேசியை எடுத்து இலக்கம் பதிந்தார். மகள் இன்னும் வெளியே வரவில்லை. எனக்குள் என்ன வந்ததோ தெரியாது. கோவிலில் வாசகம் வாசிக்கக் கேட்டாலே ஒளிக்கிறவள் நான், எழும்பி வாங்குகளைக் கடந்து போனேன். மச்சாள் "எங்கை போறீர்?" என்றது பின்னால் கேட்டது.

"பொன்சூர்" என்றேன்.

அவர் "பொன்சூர், மடாம்" என்றார்.

அதற்கு மேல் என்னிடம் சொல் இல்லை. என் நெஞ்சில் கைவைத்தேன். பிறகு தொண்டையைத் தொட்டேன். மேடையைக் காட்டினேன். கைகளைக் குவித்துக் கும்பிட்டேன். என் பிழை, என்னாலே, பிள்ளை பாடுவாள் என்றுதான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக் குனிந்து, கையில் கொஞ்சினார். பாட்டு நெஞ்சைத் தொட்டது என்று நான் சொல்வதாக நினைத்தாரோ, நானும் பாடுகிறவள் என்று நினைத்தாரோ, தெரியாது.

"என்ன மச்சாள், உம்மையும் பாட எடுத்துப் போட்டாரோ?" என்றாள் மச்சாள், வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு.

அதற்குள் மகள் முகப்பூச்சோடு ஓடி வந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன்.

"சொல்லு பிள்ளை. இவருக்குச் சொல்லு. நான்தான் மிளகாய் எரிச்சனான் எண்டு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நேற்று ஏழு மணிக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு அவரிடம் கரகரத்த குரலில் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னாள். கையால் தலையைச் சுற்றிக் காட்டினாள். அவர் சிரித்தார். அவரும் நெஞ்சைத் தட்டி நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற உயரமான பிள்ளையும் சிரித்தாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

காரில் பாலம் கடக்கும்வரை நான் கேட்கவில்லை.

"என்னெண்டு சொன்னனீ?"

"அம்மா என்னை ஆரும் கண் வைச்சிடுவினம் எண்டு வீட்டுக்குள்ளை மிளகாய் எரிச்சவா எண்டு." குரல் பழைய தகரம் மாதிரி இருந்தது.

"அவர் என்ன சொன்னவர்?"

"தன்ரை அம்மா, தான் முதல் முதல் பாடப் போற கிழமை, தடிமன் வரப்படாதெண்டு கடுகை அரைச்சு நெஞ்சிலை பூசினவவாம். தோல் பொக்களிச்சுப் பத்து நாள் சட்டை போடேலாமல் கிடந்தவராம்."

"அப்ப வேலை?"

"மூண்டு கிழமையாலை வந்து பாடிக் காட்டட்டாம். ஓரத்திலை நிண்டு பாடினவளையும் வரச் சொன்னவர்."

"ரெண்டு இடமோ?"

"இல்லை அம்மா. ஒண்டுதான்."

கொஞ்சத் தூரம் போன பிறகு, "தொண்டை வியாழக்கிழமையே சரியில்லைத்தான்" என்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டெரியில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று அந்தக் கிழமை சொன்னது உண்மை. என்னைத் தேற்றச் சொல்லுகிறாளா, உள்ளதைச் சொல்லுகிறாளா? கேட்டால் அதற்கும் ஒரு பதில் சொல்லுவாள், அதையும் நான் இப்படியேதான் யோசிப்பேன்.

மூன்று கிழமையும் போய், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். போகும்போது அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் இடியப்பம் கட்டிக் கொடுத்தேன், இருவருக்கும், உறைப்பில்லாத சொதியோடு. இதை எழுதுகிற நேரம் இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் செபமாலை சொல்லுகிறேன், பத்து மணிகள் கொண்ட ஐந்து பத்து. முதல் இரண்டு பத்து என் மகளுக்கு. அடுத்த இரண்டு பத்து அந்தப் பிள்ளைக்கு, என் பிள்ளையின் வாய்க்குத் தன் குரலைத் தந்தவள், அவளுக்கும் தாய் இருப்பாள். ஐந்தாவது பத்து வந்ததும், இடம் ஒன்றுதானே, யாருக்கு ஒப்புக்கொடுப்பது என்று தெரியாமல் மணியைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். மகள் வேலையால் வந்து, "இன்னும் முடிக்கேல்லையோ அம்மா?" என்று கேட்கிறாள். முடிக்கவில்லை.